ஏழுமலை அண்ணன் ஒளித்து வைத்த இரண்டு வருடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம். வெல்டர் ஏழுமலை அண்ணன் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றார். கூடவே அவர் மனைவி செல்வி அக்கா.

"தம்பி, வேலைய உட்டுட்டு பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துடறேன். அப்பால கான்ட்ராக்ட்ல வந்து சேந்துக்கறேன்," என்றார் அண்ணன்.

மீஞ்சூரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்திருந்தது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால், ஆவணி முதல் வாரம் வரை ஓனர் டைம் கொடுத்திருந்தார். தவறினால் வேறு ஆளுக்கு. பேங்க் லோன் போக, கையிலிருந்து போட வேண்டிய பணத்துக்கு பி.எஃப்.தான் வழி.

எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். யார் எதைக் கேட்டாலும் ரூல் சொல்லிவிடுவது அப்போது என் வியாதி.

"அண்ணே, இங்க உங்களுக்கு நாலு வருஷம்தான் ஆவுது. தொடர்ச்சியா அஞ்சு வருஷம் சர்வீஸ் இல்லாம எடுத்தா வரி உண்டு. வேலைல இருந்துக்கினே ஊடு வாங்க அட்வான்ஸ் கேட்டாலும் அஞ்சு வருஷம் ஆவாம குடுக்க மாட்டாங்க."

"எங்க துட்ட நாங்க எடுக்கறதுக்கு இன்னாத்துக்கு வரி?" என்றார் அக்கா.

"சேக்கும்போது வரிச் சலுகை குடுத்தாங்கக்கா. அஞ்சு வருஷமாவது கை வைக்க மாட்டாருன்னு நம்பித்தான் குடுத்தாங்க."

அக்கா கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரயா நம்புனாங்க?"

நான் அதற்குள் கம்ப்யூட்டரில் அவர் கணக்கைத் திறந்துவிட்டேன். "அண்ணே, நல்ல சேதி! இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வேல செஞ்ச பி.எஃப். அப்படியே கெடக்குது. அத இங்க மாத்திட்டா ரெண்டும் சேந்து ஆறு வருஷம். வரி இல்ல. வேலையும் உட வேணாம். ஊடு வாங்க அட்வான்ஸ் கேட்டாலே போதும்!"

மேஜைக்கு அடியில் என் காலை யாரோ மிதித்தார்கள். சேஃப்டி ஷூ போட்ட கால்.

"கான்ட்ராக்டர் முழுங்கிட்டான்னு சொன்னியே, அந்தத் துட்டா?" அக்காவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அவரு ஆபீசத் தாண்டும்போதெல்லாம் மண்ண வாரித் தூத்திக்கினு இருக்கேன்யா!"

"ஒரு பெரிய பைக்கு வாங்கலாம்னு..." என்றார் அண்ணன்.

"சைக்கிள் மிதிச்சா முதுகு புடிச்சிக்குது. பைக்காம் பைக்கு!"

அத்தோடு முடியவில்லை. அண்ணன் வேலையை விட்ட தேதியை அந்தப் பழைய கான்ட்ராக்டர் பதிவு செய்யவே இல்லை. அது இல்லாமல் கணக்கை மாற்ற முடியாது. அதே கான்ட்ராக்டரிடம் போய்க் கேட்க வேண்டும். அண்ணன் போக மறுத்தார். அக்காதான் போனார்.

"நல்ல மனுசன் தம்பி. உக்கார வச்சி டீ குடுத்தாரு. மறுநாளே தேதி போட்டுடறேன்னாரு. எனக்குத்தான் டீ தொண்டைல எறங்கல," என்றார் திரும்பி வந்து.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கணக்கு மாறி வந்தது. ராஜினாமாக் கடிதத்தை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸுக்கான விவரங்களைக் கேட்க உட்கார்ந்தேன். வீடு யார் பெயரில் என்றேன்.

"ஏந்தம்பி, பொண்டாட்டி பேர்ல வாங்குனா ரூல் ஒத்துக்குமா?" என்றார் அக்கா.

"ஒத்துக்கும்க்கா."

"அப்ப எம்பேரப் போடு."

மேஜைக்கு அடியில் மறுபடியும் மிதி. இந்தத் தடவை நானும் சேஃப்டி ஷூ போட்டிருந்தேன்.

ஆவணி முதல் வாரத்தில் பத்திரம் பதிவானது. எச்.ஆர். வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: புதிதாகச் சேருகிறவரிடம் பழைய பி.எஃப். கணக்கை முதல் நாளே கேட்டு மாற்றி விடுங்கள். ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.