சால்ஸ்பர்க் ரயிலில் போன என் பை

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காட்டுமன்னார்கோயிலில் நிலம், நெல், ஊர்ப் பஞ்சாயத்து என்று இருப்பவர். இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பவர். படித்துவிட்டு, "என்னைப் பத்தி மட்டும் எழுதிடாதே" என்று கடலூருக்குப் போன் போட்டு எனக்கு ஞாபகப்படுத்துபவர்.

இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அவர் பக்கத்து இலையில் அண்ணி. சாம்பாரைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. கிள்ளையிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா மச்சான், தங்கச்சி மொகமே சரியில்லையே?"

"அவ கூடப்பொறந்தவளுக்குத் திருச்சியில ஆபரேஷன் ஆயிருக்கு. பாக்கப் போவணுமாம். நெல் அறுப்பு முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குறா. தனியா போறேங்குறா."

"தனியாவா?"

"அதான் நானும் கேட்டேன். காலேஜ்ல பாடம் எடுத்தவ, நம்ம விஜி… அவளே யூரோப்புக்குப் போயி ரயில்ல பையைத் தொலைச்சிட்டு, நடு ஸ்டேஷன்ல அழுதுகிட்டு நின்னா. நீ எந்த மூலைன்னேன்."

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவர்கூடச் சிரித்தார். சிரிக்காதவர் அண்ணி ஒருவர்தான். ஒரு மாதமாகத் தங்கையைப் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்… 'பார்த்து' என்பதுகூடத் தப்பு, அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பை தொலைந்த கதையை அண்ணன் எத்தனை பந்தியில் சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன். ஆனால் அந்தக் கதையை எடுத்து அண்ணி போகும் வழியில் குறுக்கே போட்டால்? அது என் கதை. எங்கே போடுவது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பந்தியிலேயே முழுக் கதையும் சொன்னேன். உங்களுக்கும் இதோ. அண்ணன் விட்டுவிட்ட பகுதிகளோடு.

என் மகன் பிரபு ஜெர்மனியில், மியூனிக்கில் வேலை பார்க்கிறான். பேத்தி பிறந்தபோது முதல் முறை சம்பந்தியம்மாள் போய் வந்தார், அடுத்த முறை நான். என் கணவர் தவறிய பிறகு நான் போன முதல் பெரிய பயணம். அகலப்பாதை வேலைக்காக எங்கள் பக்கத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்த சமயம் அது. சிதம்பரத்தில் ரயில் சத்தமே கிடையாது. ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய், மகன் வீட்டு மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் எதிரே நிமிஷத்துக்கு ஒரு ரயில்!

போக ஆசை வருமா, வராதா?

"வீக்எண்ட் நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் பிரபு. அந்த வீக்எண்ட் குழந்தைக்குச் சளி. அடுத்த வீக்எண்ட் அவனுக்கு ஆபீஸ் வேலை. அதற்கடுத்தது மழை. விசா முடியும் தேதி நெருங்கியபோது சொன்னேன்: "நான் தனியா போயிட்டு வர்றேன்."

மருமகள் உடனே சரி என்றாள். மகன்தான் யோசித்தான். அவன் யோசனை எனக்குப் புரிந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதில் பாதி. மீதிப் பாதி, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டான் என்று ஊரில் பேசுவார்களே என்பது. பெண்பிள்ளை தனியாகப் போனால் எங்கள் பக்கம் அவளை யாரும் திட்ட மாட்டார்கள். அனுப்பியவனைத்தான் திட்டுவார்கள். இதில் நாம் அனுப்பப்படும் பார்சல் என்பது தெளிவாகிவிடுகிறது, இல்லையா?

கடைசியில் சம்மதித்தான். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில், எல்லையிலேயே இருக்கும் சால்ஸ்பர்க்குக்கு டிக்கெட். காலையில் ரயிலேற்றிவிட்டுச் சொன்னான்: "கடைசி ஸ்டேஷன்மா. எல்லாரும் எறங்குவாங்க. நீயும் எறங்கிடு." எவ்வளவு எளிது!

ஜன்னல் சீட். எதிரே யாருமில்லை. சுத்தமான கண்ணாடிக்கு வெளியே பச்சைப் புல்வெளி, மாடுகள், தூரத்தில் மலை. வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது. நடுவில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. பிளாட்பாரத்தில் காபிக் கடை. மணம் கண்ணாடியைத் தாண்டி வராது, ஆனால் ஆவி தெரிந்தது.

நாம் என்ன செய்வோம்? சீட்டில் பையை வைத்தேன். பைக்கு மேலே கர்ச்சீப்பைப் போட்டேன். இடம் என்னுடையது. கைப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

நம் ரயில் கிளம்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. கார்டு விசில் அடிப்பார். கொடி காட்டுவார். இன்ஜின் ஹாரன் கொடுக்கும். அதற்கப்புறமும் வண்டி கொஞ்சம் யோசிக்கும். ஒரு கையில் டீ, ஒரு கையில் வடையோடு மனிதர்கள் நிதானமாக நடந்து வந்து ஏறுவார்கள். இதை நம்பித்தான் நாம் தண்ணீர் பிடிக்கவும் டீ குடிக்கவும் இறங்குகிறோம். பரம்பரையாக இறங்குகிறோம்.

அந்த ரயில் விசில் அடித்திருந்தால் என் காதில் விழவில்லை. காபியை வாங்கித் திரும்பினேன்… கதவுகள் மூடியிருந்தன. கதவில் இருந்த பட்டனை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். ரயில் நழுவிப் போய்விட்டது. ஜன்னலில் என் பை தெரிந்தது, மேலே பூப்போட்ட கர்ச்சீப். என் இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பையில் புளிசாதம், ஸ்வெட்டர், மருமகளின் குடை. கைப்பையில் பாஸ்போர்ட், பணம், டிக்கெட், போன். அதாவது தேவையானது எல்லாம் என்னிடம்தான் இருந்தது. இதை அண்ணன் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

அழவில்லை. நன்றாகப் பயந்தேன். காபி பாதி புடவையில் சிந்திவிட்டது. போனை எடுத்து மகன் பெயர் வரை போனேன். கூப்பிட்டால் ஆபீஸை விட்டுவிட்டு ஓடி வருவான். ஒரு வார்த்தை திட்ட மாட்டான். அன்பாகக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். அதற்கப்புறம் என் ஆயுசுக்கும் அந்தக் கையை விடவே மாட்டான்.

போனைக் கைப்பைக்குள் போட்டேன்.

காபிக் கடைப் பெண்ணிடம் போய், "சால்ஸ்பர்க்? நெக்ஸ்ட் டிரெயின்?" என்றேன். அவள் கடிகாரத்தைக் காட்டினாள். ஒரு மணி நேரம். டிக்கெட்டை நீட்டினேன், அதே டிக்கெட் போதும் என்று தலையாட்டினாள். தீர்ந்தது பிரச்சினை. இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம்?

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அந்த நேரம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. மகனுக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியாது, ஸ்டேஷன் பெயரைச் சரியாகப் படிக்க வராததால் எனக்கே பாதிதான் தெரியும். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவை. மிச்சக் காபியை மெதுவாகக் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சால்ஸ்பர்க்கில் இறங்கியதும் மழை. குடைதான் முன்னால் போன ரயிலில் போயிருக்கிறதே. ஸ்டேஷனில் பையை விசாரித்தேன், வரவில்லை என்றார்கள். சரி என்று மஞ்சள் நிறத்தில் ஒரு குடை வாங்கினேன். அந்த ஊரில் அத்தனை அசிங்கமான குடை அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழைய ஊருக்குள் போனேன். மலைமேல் கோட்டை, கீழே குறுகலான தெரு, ஒவ்வொரு கடை வாசலிலும் இரும்பில் வேலைப்பாடு செய்த பெயர்ப்பலகை தொங்கியது. அங்கே இன்னொரு கூத்து. நான் நாலு தேரோடும் வீதி இருக்கும் ஊரில் வளர்ந்தவள். ஒரே பக்கமாக நாலு தடவை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்பது என் ரத்தத்தில் ஊறியது. அந்த நம்பிக்கையில் வலது பக்கமாகத் திரும்பித் திரும்பிப் போனேன். ஒரு சந்து, ஒரு முற்றம், ஒரு சுரங்கம் மாதிரி வழி… வந்து நின்ற இடம் ஒரு கல்லறைத் தோட்டம். பூச்செடிகளோடு அவ்வளவு அழகாக இருந்தது. வழி தெரிந்து போயிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

பசித்தது. ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். சிதம்பரத்தில் ஒரு பெண் தனியாகச் சாப்பிட உட்கார்ந்து பாருங்கள். சர்வர் தண்ணீர் வைக்கும்போதே கேட்பார்: "கூட யாரும்மா வர்றாங்க?" யாருமில்லை என்றால் ஃபேமிலி ரூம் மூலைக்குத் தள்ளிவிடுவார். இங்கே தலை முழுக்க நரைத்த ஒரு பெண்மணி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லை, போன் இல்லை, அவசரம் இல்லை. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைத் தவிர. நானும் ஒரு சூப் சொன்னேன். உப்பில்லை. போகட்டும்.

சாயங்காலம் மியூனிக் ஸ்டேஷனில் பிரபு காத்திருந்தான். மஞ்சள் குடையைப் பார்த்தான். "பை எங்கம்மா?"

"எனக்கு முன்னாடியே கிளம்பிப் போயிடுச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். மாமனுக்குப் போன் போட்டுச் சொன்னான். மாமன் அதில் கண்ணீரைச் சேர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் பந்தியில் சொல்லி முடிக்கும்போது எல்லார் இலையிலும் மோர் காய்ந்துவிட்டது. அண்ணன் அசையவில்லை.

"அதெல்லாம் சரி விஜி. பை போச்சா, இல்லியா?"

"போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் வந்துட்டேன்ல."

அவர் வாய் திறக்கும் முன் நானே கேட்டேன். "மெட்ராஸ் பஸ்ல செல்போனைத் தொலைச்சது யாரு? திருப்பதியில வேட்டிப் பையை விட்டுட்டு வந்தது யாரு? விருத்தாசலம் போறேன்னு ஏறித் தூங்கிட்டு சேலத்துல எறங்குனது யாரு? அதுக்கப்புறம் உன்னை யாராச்சும் தொணைக்கு ஆள் இல்லாம போவாதேன்னு சொன்னாங்களா அண்ணே?"

கிள்ளைக்காரர் இந்த முறை இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. இலையில் இருந்த சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

கை கழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டேன். "அண்ணி, நான் வேணா தொணைக்கு வரட்டுமா?"

"நீயும் வந்தா அப்புறம் அது என்னா தனியா?" என்றார்.

புதன்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது அண்ணி அண்ணனிடம் சொன்னாராம்: "காலையில திருச்சிக்குப் போறேன்." அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார்.  காலையில் சிதம்பரத்துக்கு டவுன் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணன், பஸ் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்: "பையை மடியிலயே வெச்சிக்க. எங்கயும் எறங்காதே."

அண்ணி ரயிலேறும் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. போயிருந்தால் அதுவும் ஒரு துணைதான். கடலூரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. அண்ணிக்கு ஏதாவது ஒரு சின்னத் தப்பு நடந்தால் போதும், அது இன்னும் எத்தனை அண்ணிகளுக்குக் கதவை அடைக்கும்?

போன் அடித்தது. அண்ணிதான்.

"விஜி, மாயவரம் வந்தாச்சு. பிளாட்பாரத்துல எறங்கி டீ குடிச்சிட்டிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, பை?"

"ஜன்னல் சீட்டுல இருக்கு. மேல கர்ச்சீப் போட்டிருக்கேன்." நிதானமாக ஒரு வாய் உறிஞ்சும் சத்தம். "நீ ஏன் பயப்படுறே? நம்ம வண்டி. ஹாரன் அடிச்சிட்டுத்தான் கிளம்பும்."

அண்ணி திருச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைக்குத் தன் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம், அவள் முழுசாகக் குடித்தாளாம். பையும் பத்திரம். இறங்கி டீ குடித்ததை மட்டும் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

அதனால் என்ன, அவர்தான் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவராயிற்றே.