பால்குடத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

முருகனை நம்பி வாழும் சொந்தங்களே, 2001-இல் எனக்கு வந்த வயிற்று வலியை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடுகிறது. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் குடோனில் தரம் பிரிப்பவள். ‘சுக்குக்கு மிஞ்சின மருந்தும் இல்லை, சுப்பிரமணிக்கு மிஞ்சின சாமியும் இல்லை’ என்பார்கள். நாள் முழுக்கச் சுக்கோடு கிடந்த எனக்குச் சுக்குக் கஷாயம் பலிக்கவில்லை. வயிறு காலியானால் போதும், எரியும். அதனாலேயே சஷ்டி விரதம் விட்டுப்போனது. என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். எனக்கும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எர்ணாகுளம் டாக்டர் எழுதிக்கொடுக்க, தோப்பும்படி லேபில் ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஒரு கிருமி, அதனால் புண் என்று டாக்டர் மாத்திரை தந்தார். “முருகா, கிருமி போனால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்” என்று வேண்டித்தான் ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கினேன். வலி நின்றது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோய் முழுக்கத் தீராமல் நேர்த்திக்கடன் செலுத்தினால் சாமியிடம் பொய் சொன்ன மாதிரி. அதனால் தை பிறக்கும் முன்பே, டாக்டரைக் கேட்காமல், அதே லேபில் அதே பரிசோதனையை மறுபடி எடுத்தேன். பாசிட்டிவ்! முருகன் கைவிட்டுவிட்டான் என்று விம்மி அழுதேன்.

“முருகன்கிட்ட அழுதது போதும், டாக்டர்கிட்டயும் கொஞ்சம் அழு, வா” என்று என் வீட்டுக்காரர் படகில் எர்ணாகுளத்துக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் சிரித்துவிட்டார். “பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. இந்த டெஸ்ட் கிருமியைப் பாக்காது. உங்க உடம்பு கிருமியோட சண்டை போட்ட அடையாளத்தைத்தான் பாக்கும். கிருமி போனாலும் அடையாளம் கொறே காலம், ரொம்ப நாளைக்கு, ரத்தத்துல நிக்கும்.”

உறுதிப்படுத்த, குழாய் விட்டு வயிற்றிலிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை ‘சரவணபவ’ தவிர வேறெதுவும் என் வாயில் வரவில்லை. கிருமி இல்லை. புண் ஆறியிருந்தது. புற்று என்ற பேச்சே இல்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் பால்குடம் சுமந்து நடந்தேன். எரிச்சல் இப்போது வரும், இதோ வரும் என்று உள்ளுக்குள் பயம். கோயில் வாசலை அடைந்தபோது வயிற்றில் ஏதோ கிள்ளியது. வலியில்லை, வெறும் பசி! எத்தனை நாளாயிற்று! அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது சஷ்டி தவறுவதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள், மாத்திரையையும் பாதியில் விடாதீர்கள். அவன் கொடுத்து முடித்த பிறகும் கொடுக்கவில்லையே என்று அழுதவள் நான். நீங்கள் அப்படி அழ வேண்டாம்.