குணநாதன் கண்ட இரண்டு காதுகள்

அந்தச் சனிக்கிழமை ஹரோவில் மகளின் தமிழ் வகுப்பு வாசலில் நின்றபோது மிச்சம் என்ற ஊரிலிருந்து குணநாதனின் மனைவி சாந்தி அழைத்தார். "அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்." இரண்டு நாள் கழித்து, "கல்வெட்டுக்கு நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கல்வெட்டாக உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலருக்காகத்தான் எழுதுகிறேன்.

குணநாதனும் நானும் ஒன்பது வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். பழைய கிரேக்கச் சிலைகளை லேசர் ஸ்கேனரால் பதிந்து, உளித்தடங்களை ஒப்பிட்டு, எந்தச் சிலையை எந்தச் சிற்பி செய்தான் என்று தேடுவது எங்கள் வேலை. "பேர் போடாட்டிலும் கை பொய் சொல்லாது" என்பார் அவர்.

ஒருமுறை, வெளிநாட்டுக்காரர் ஒருவர் இரவல் தந்த பளிங்குத் தலையின் காதுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்த குணநாதன் துள்ளிவிட்டார். "இஞ்சை வந்து பாரும்! மூண்டு கீறல். போன வருசம் பதிஞ்ச தலையிலையும் இதேதான். ரெண்டும் ஒருத்தன்ரை வேலை!" ஐம்பது வயதில் அப்படித் துள்ளிய மனிதரை நான் கண்டதில்லை. அன்று எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தந்தார்.

ஸ்கேன் பதிவில் கல்லில் இல்லாத சொரசொரப்பும் சேர்ந்து விழும். அதை மழுப்பிச் சீராக்குவது என் பொறுப்பு. அவசரத்தில் அந்தத் தலையின் பதிவை அளவு மீறி மழுப்பிவிட்டேன். கணினியில் இடம் போதாமல் மூலப் பதிவையும் அழித்துவிட்டேன். அதற்குள் தலை உரியவரிடம் திரும்பிப் போயிருந்தது. மறுபடி தர அவர் சம்மதிக்கவில்லை.

இரண்டு தலைகளையும் ஒப்பிட்ட அன்று திரையில் அந்தக் காது வழுவழுவென்று இருந்தது. குணநாதன் வெகுநேரம் பார்த்தார். "என்ரை கண்தான் பிழைச்சுப்போச்சு" என்றார். காரணம் எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில், "ஓம், வெளிச்சம் ஏமாத்தியிருக்கும்" என்றேன்.

அதன்பிறகு அவர் எதையும் அடித்துச் சொல்லவில்லை. "நீர் சொல்லும், என்னாலை ஏலாது" என்று ஒதுங்கிக்கொள்வார். கடைசி மூன்று வருடமும் அப்படியே போயிற்று. தினமும் எதிரே இருந்து தேநீர் குடித்தேன். வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

சாந்தி, நீங்கள் எழுதக் கேட்டது இதை அல்ல. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு முகமில்லை. ஒன்றும் அறியாமல் அவருடைய டோர்ச்சை என்னிடமே தந்தீர்கள். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இனி அதை எந்தக் கல்லில் அடித்துப் பார்ப்பேன்?

குணநாதன், உம்மடை கண் பிழைக்கேல்லை. மூண்டு கீறலும் இருந்தது. நான்தான் அழிச்சனான்.