அண்ணன் விற்ற கார்

சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகும்போது தன் பழைய பெட்ரோல் காரை எனக்கு விற்றார்.

"வண்டி தங்கம்ப்பா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க."

அப்படியே எடுத்துக்கொண்டேன். மெக்கானிக்கை வைத்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று தோன்றியது.

இரண்டே மாதத்தில் புகைச் சான்றிதழின் கெடு முடிந்தது. சோதனை நிலையத்தில் இருந்தவர் சைலன்சர் குழாய்க்குள் கருவியின் முனையைச் செருகினார். கணினியைப் பார்த்துவிட்டு, உருவி, மறுபடி செருகினார்.

"பாஸ் ஆகாது சார். நீங்க பின்னாடி நின்னு பாருங்க."

அவரே ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். குபுகுபுவென்று நீலப் புகை. எப்போதும் முன்னால் உட்கார்ந்தே ஓட்டுகிறவன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

வடக்குத்து மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது.

"ஆயிலு உள்ள பூந்து எரிஞ்சிகினு கீதுங்க. வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கான்னு பாத்துடலாம்."

பிளக் இருந்த துளையில் மீட்டரைப் பொருத்தி என்ஜினைச் சுழலவிட்டார். இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைவு. அந்த இரண்டிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் திரும்பச் சுழலவிட, முள் ஏறியது.

"ஊத்தின ஆயிலு சந்தை அடைச்சதும் ஏறுது பாத்தீங்களா? அப்ப ரிங்குதான் தேஞ்சி போச்சு." பிறகு ஆயில் அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். பாகு போல இழுபட்டது. "பொகை தெரியாம இருக்க கெட்டி மருந்து கலந்திருக்காங்க. கொஞ்ச நாளைக்குத் தாங்கும். யாரு கிட்ட வாங்கினீங்க?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. சர்வீஸ்ல எவனாவது ஊத்தியிருப்பான்" என்றேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எவனோ அண்ணனையும் ஏமாற்றியிருக்கிறான், சொல்லிவிடலாம் என்றுதான் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி சத்தம் கேட்டு அண்ணி வெளியே வந்தார்.

"வாங்க தம்பி" என்று சிரித்தவர் காரின் பின்பக்கம் பார்த்தார். "இன்னுமா இந்தப் பொகை நிக்கல? அதுக்குத்தானே அவரு மருந்தெல்லாம் வாங்கி ஊத்தினாரு?"

அவருக்குப் பின்னால் வாசற்படியில் அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் காரையே பார்த்தார்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களாண்ணே?"

"வெளியாளுக்குக் குடுத்தா சண்டைக்கு வருவான்ப்பா. நீன்னா ஒண்ணும் சொல்ல மாட்டே."

அவர் பெண்ணுக்குப் பிரசவம் ஆனபோது தொடர்ந்து மூன்று நாள் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவன் நான். இத்தனை வருஷமும் என்னிடம் அவர் கண்டது இது ஒன்றுதானா?

"காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்ற அண்ணிக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

என்ஜினைப் பிரித்து ரிங் மாற்றினோம். அடுத்த சோதனையில் பாஸ் ஆனது. போன வாரம் பண்ருட்டி மார்க்கெட்டில் அண்ணன் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார். பார்க்காதது போல நடந்துவிட்டேன். நடந்த பிறகுதான் உறைத்தது, இப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.