டிராகன் பறக்காது என்று கையெழுத்துப் போட்டேன்

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, சாயங்காலம் நாலரை மணிக்கு, என் மனைவியைக் கொன்றுவிட்டேன். கத்தி இல்லை, விஷம் இல்லை. ஒரு பால்பாயிண்ட் பேனாவும் துண்டுக் காகிதமும்தான்.

பதறாதீர்கள். கலா நலம். உள்ளே தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். செத்தது விளையாட்டில் அவள் ஏற்ற வேஷம், மின்னி என்கிற திருடி. ஆனால் அதற்கப்புறம் நாலு நாள் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை இருக்கிறதே... நிஜக் கொலைகாரனே தேவலை.

உப்பளம் பகுதியில், எங்கள் தெருவில் அந்துவான் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா. அங்கே கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டை ஞாயிறுதோறும் மதியம் தன் வீட்டில் நடத்துகிறார். அவர் ஒரு மாய உலகத்தைக் கதையாகச் சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு வேஷம். நான் இரும்புக் கவச வீரன். பிள்ளைச்சாவடியில் போட் எஞ்சின் ரிப்பேர் செய்யும் பாபு, மந்திரவாதி. கலா, திருடி. "சுவரில் ஏறுகிறேன்" என்று சொல்லி, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். ஏறினோமா, விழுந்தோமா என்று அது சொல்லும். இரண்டு வருஷமாக ஆடுகிறோம். சிரிக்காதீர்கள். நீங்கள் சீரியல் பார்ப்பதை நான் கேட்டேனா?

அந்தக் கொலைக்கு ஒரு வாரம் முன்பு, கதையில் ஒரு டிராகன் பறந்து வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. காலேஜில் இயற்பியல் நடத்துகிறவன் இல்லையா?

"அந்துவான், யானை சைஸ் உடம்புக்கு அந்த றெக்கை பத்தாது. இது பறக்காது."

"இன்னா சார் இது... அது டிராகன் சார்!" என்றான் பாபு.

"இருக்கட்டுமே! உடம்பு எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கானா, எடை எட்டு மடங்கு ஆவும். றெக்கையோட பரப்பு நாலு மடங்குதான். வாயிலேர்ந்து நெருப்பு வருதே, கேஸை எங்க ஸ்டோர் பண்ணுது?"

அரை மணி நேரம் விளாசினேன். கலா கொட்டாவி விட்டாள். அந்துவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு நீல நோட்டை எடுத்தார். அவர் வீட்டில் எந்த விதியும் வாய்ப்பேச்சில் செல்லாது. எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்த வேண்டும். 'இவ்வுலகில் இனி நிஜ விஞ்ஞானமே செல்லும்' என்று எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையது. டிராகன் தரையில் தத்தித் தத்தி வந்தது. பல்லியை அடிப்பதுபோல் அடித்துப் போட்டோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அந்துவான் தயாராக இருந்தார்.

சுரங்கத்துக்குள் பாபு நெருப்புப் பந்து வீசினான். "ஆக்சிஜன் தீந்துபோச்சு. எல்லாருக்கும் மயக்கம்" என்றார் அந்துவான். வெளியே வந்தால் நல்ல வெயில். "முப்பது கிலோ இரும்பைப் போட்டுக்கிட்டு நடக்கறீங்க சார். சுருண்டு வுழுந்துட்டீங்க." அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் கலாவின் முறை. மின்னி ஒரு கூரையின் விளிம்பில் நிற்கிறாள். பின்னால் காவலர்கள். எதிர்க் கூரை முப்பது அடி தள்ளி. தரை அறுபது அடி கீழே.

"தாண்டுறேன்" என்று கலா பகடையைக் குலுக்கினாள்.

"இரும்மா. சார், முப்பது அடியை மனுஷங்க தாண்ட முடியுமா?" என்றார் அந்துவான்.

"எவனும் தாண்டினதில்ல."

"அறுபது அடியிலேர்ந்து வுழுந்தா என்ன வேகம்?"

கணக்கு என்றால் எனக்குக் கை அரிக்கும். பேனா தானாக ஓடியது. "காத்தோட தடையை விட்டுட்டா... மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர்!"

நிமிர்ந்தேன்.

"வொய்லா! அவ்ளோதான், மின்னி காலி" என்றார் அந்துவான்.

"அண்ணே, செத்தவங்களப் பொழைக்க வைக்கிற மருந்து எங்கிட்ட இருக்கு!" என்று பாபு பதறினான்.

"சயன்ஸ் என்னா சொல்லுது சார்?" என்று அந்துவான் என்னைக் கேட்டார்.

நான் பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். கலா பகடையை உருட்டாமலே பெட்டிக்குள் வைத்தாள்.

எங்கள் வீடு முதல் மாடி. கலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவாள். அன்றைக்குப் பாதியில் நின்றாள்.

"முட்டி தேஞ்சு போச்சு, ஓடாதே, குதிக்காதேன்னு டாக்டர் சொல்றாரு. அதுவும் சயன்ஸ்தான். வாரம் பூரா அதைத்தான் கேக்கறேன். ஞாயித்துக்கெழமை மூணு மணி நேரம்தாங்க கேக்காம இருந்தேன். அதையும் புடுங்கிட்டீங்க."

வெட்கமாகிவிட்டது. இரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடியவன், அவள் எதற்கு ஆடுகிறாள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இந்த அறிவியல் ஆவேசம் நமக்கு எங்கே வருகிறது, கவனித்தீர்களா? அடுத்தவர் ஆசைப்படுகிற இடத்தில்தான் வருகிறது. டிராகனிடம் ஆதாரம் கேட்ட இதே நான், புது ஸ்கூட்டரை எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் கிளப்பினேன். வாட்ஸ்அப்பில் வந்த சர்க்கரை நோய்க் கஷாயத்தை நாலு பேருக்கு அனுப்பினேன். அப்போது எந்தப் பேனாவும் ஓடவில்லை.

அந்த விதியை ரத்து செய்யச் சொல்லி வியாழக்கிழமை அந்துவானிடம் போய் நின்றேன்.

"வாயால சொன்னா செல்லாது சார். எழுதிக் குடுங்க."

எழுதினேன். 'புவியீர்ப்பு விசை மின்னியைக் கட்டுப்படுத்தாது. செத்தவர்கள் பிழைக்கலாம். டிராகன் தன் இஷ்டத்துக்குப் பறக்கலாம்.' படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"தொழில் என்னான்னு போடலியே?"

போட்டேன். இயற்பியல் விரிவுரையாளர். அதன் மேலேயே ஓங்கி முத்திரை குத்தினார்.

போன ஞாயிறு, பாபுவின் மருந்தில் மின்னி கண் விழித்தாள். மறுபடி அதே கூரை. அதே முப்பது அடி. கலா பகடையை உருட்டினாள். பதினெட்டு!

"தாண்டிட்டீங்கக்கா!" என்று பாபு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். கலா சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன வேகம்னு கணக்குப் போட்டீங்களா?"

பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.