படிவத்தில் எழுதிய பொய்யும் கோவில் முத்திரை வைத்த கடிதமும்

1991ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, நான் படித்துக்கொண்டிருந்த வளாகத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் அதையேதான் சொன்னது.

அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று யப்பானில் நடத்திய கிளை. பாடப் புத்தகமும் ஆசிரியர்களும் அமெரிக்காவில் இருந்து வருவார்கள். வெளியே யப்பானியப் பனி கொட்டும். இரண்டு வருடம் அங்கே கிளை தந்த புலமைப்பரிசிலில் படித்துவிட்டு, மிச்சத்தைத் தலைமை வளாகத்தில் முடிக்கலாம் என்று நம்பித்தான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையில் இருந்து போயிருந்தேன். ஒன்றரை வருடம் முடிந்திருந்தது. மாணவர் போதவில்லையாம், பங்குனியோடு பூட்டு.

தலைமை வளாகத்திற்குப் போக இரண்டு வழி சொன்னார்கள். தகப்பனுடைய வங்கிக் கடிதத்தைக் காட்டிக் கட்டணம் கட்டலாம். அல்லது, வீட்டில் வருமானமே இல்லாத சிலருக்குக் கட்டணமில்லாமல் இடம் தருவார்கள். இரண்டும் இல்லாதவருக்கு விசா முடியும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்குத் திரும்ப ஊர் இருக்கவில்லை. முந்தைய வருடம் ஆவணியில் தீவுப்பக்கம் சண்டை வந்து, சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் எங்கே என்று தெரியாது. ஆறு மாதமாகக் கடிதம் இல்லை.

அப்பா கடற்றொழிலாளி. வள்ளமும் வலையும் போயிருக்கும். கட்டணமில்லாத இடம் எனக்குத்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி யாரும் நினைக்க முடியாதபடி நானே செய்துவைத்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது 'வியாபாரம்'.

ஏன் எழுதினேன்? யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்த காலத்தில், நான் பக்கத்தில் வந்து இருந்தால் சிலர் மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் வியாபாரம் என்று சொல்லப் பழகிவிட்டேன். சொல்லிச் சொல்லி, கொழும்பில் படிவம் நிரப்பியபோது கை தானாகவே எழுதிவிட்டது. அப்பாவின் உழைப்பில் வயிறு வளர்த்தவன் அப்பாவின் தொழிலை எழுதக் கூசினேன். இன்றைக்கும் இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

அந்த வளாகத்தில் எனக்கிருந்த ஒரே தமிழ்த் துணை சிவம் அண்ணை. புங்குடுதீவுக்காரர். கடை வைத்துப் பிழைத்த குடும்பம். வளாகத்துக் குசினியில் வேலை செய்தார். அவரிடம் முழுவதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"உண்மையான வியாபாரியின்ர மோன் நான் கோப்பை கழுவிறன். நீர் எங்களுக்கு மேலால வியாபாரியாகிட்டீர்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யோசிக்காதையும். கொழும்பில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒண்டு இருக்கு. பாங்குக் கடிதம் ஒண்டு அடிச்செடுக்கலாம்."

"பிடிபட்டால், அண்ணை?"

"பிடிபடாட்டில் அமெரிக்கா. பிடிபட்டால் ஊர். ஒண்டும் செய்யாட்டிலும் ஊர்தானே?"

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றே புனித அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கினேன். ஒன்பதாம் நாள்தான் எனக்கு நேர்முகம். இடம் கிடைக்காமல் இந்த நாட்டை விட்டு அசைவதில்லை என்று பிடிவாதமாக நின்றேன். ஆனால் நான் கேட்டதைப் பாருங்கள்: "ஆண்டவரே, எப்படியாவது ஒரு பாங்குக் கடிதம் வரச் செய்யும்." என் பொய்யைக் காப்பாற்றித் தரும்படி கடவுளிடமே விண்ணப்பம் போட்டேன்!

ஆறாம் நாள் கடிதம் வந்தது. அப்பாவிடமிருந்து. உறையைக் கண்டதும் படிக்கட்டிலேயே இருந்து பிரித்தேன்.

அப்பாவுக்கு எழுத்து வராது. அவர் சொல்லச் சொல்ல, அந்த இடத்துக் கத்தோலிக்கக் கோவிலின் பங்குச் சுவாமி எழுதியிருந்தார். 'தம்பி, நாங்கள் சுகம். கோவில் மண்டபத்திலை இருக்கிறம். வள்ளம் போச்சு, வலையும் போச்சு. இஞ்ச ஒரு ஆளின்ர வள்ளத்தில கூலிக்குப் போறன். முதல் நாள் பாடு கொஞ்சம்தான். எண்டாலும் கோவில் பங்கைக் குடுத்திட்டன். நீ படிப்பை விடாதை.'

எங்கள் கடற்கரையில் பாட்டை, அதாவது அன்று பிடித்த மீனை, பிரிக்கும்போது முதலில் கோவிலுக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பார்கள். ஆள் அகதியானாலும் வழக்கம் அகதியாகவில்லை. கோவிலுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறவர் அந்தக் கோவிலுக்கே பங்கு கொடுக்கிறார். சத்தமாகவே அழுதேன்.

கடிதத்தின் அடியில் சுவாமி ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்திருந்தார். வழியில் சோதனைக்காகப் பிரித்துப் பார்ப்பவர்களுக்காக இருக்கவேண்டும். இதைச் சொன்னவர் ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி, இடம்பெயர்ந்து எங்கள் கோவில் மண்டபத்தில் வசிக்கிறார், தொழில் கருவி எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதி, கையொப்பம் வைத்து, கோவில் முத்திரையும் குத்தியிருந்தார்.

சிவம் அண்ணை வாசித்துப் பார்த்தார். "வருமானம் இல்லையெண்டதுக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேணுமே! ஆனா இதைக் காட்டினால் நீர் கள்ளனெண்டதும் சேர்த்துத் தெரிஞ்சிடும். பொய் எழுதினவனை நிண்ட நிலையில கலைச்சுப்போடுவாங்கள். கவனம்."

அந்த ஆறாம் நாளிலிருந்து என் செபம் மாறியது. கடிதம் கேட்பதை நிறுத்தினேன். துணிவு தாரும் என்று மட்டும் கேட்டேன். காட்டுவது என்று முடிவெடுத்த பிறகும் மூன்று நாளும் கடிதத்தை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். முடிவை மட்டும் மாற்றவில்லை.

நேர்முகத்திற்குத் தலைமை வளாகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்திருந்தார். என் கோப்பைத் திறந்து, "உங்கள் தந்தை வியாபாரி. அவருடைய வங்கிக் கடிதம் எங்கே?" என்றார்.

"அதில் இருப்பது பொய். என் அப்பா மீன்பிடிக்கிறவர்" என்றேன். சுவாமியின் கடிதத்தை மேசையில் வைத்தேன்.

அந்த நாலு வரியையும் ஆற அமர வாசித்தார். "ஏன் பொய் எழுதினீர்கள்?"

"வெட்கத்தில்."

"இப்போது?"

"இப்போதும் வெட்கம்தான். அப்பாவை நினைத்தல்ல."

மேலே இருக்கும் தமிழ்ப் பகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்து வாசித்தேன். கோவில் பங்கு வந்த இடத்தில் நிறுத்தி, அது என்னவென்று கேட்டார். விளக்கினேன். பழைய படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். பிறகு, "நீங்கள் பொய் எழுதியதை நான் அறிக்கையில் குறிப்பிடாமல் விடமுடியாது" என்றார்.

"குறிப்பிடுங்கள்."

புதிய படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். தொழில் என்ற இடத்தில் 'கடற்றொழிலாளி' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தேன். வெளியே வந்தபோது, இடம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று இருந்தது. அந்த எண்ணம் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை, பழையபடி பயந்துகொண்டேதான் இருந்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. தலைமை வளாகத்தில் இடம், கட்டணம் இல்லை. கூடவே, பொய்த் தகவல் தந்ததற்கான எச்சரிக்கை என் கோப்பில் நிரந்தரமாக இருக்கும் என்று இன்னொரு தாள். இரண்டையும் முழந்தாளில் நின்று வாசித்தேன். அந்த எச்சரிக்கைக்கும் சேர்த்தே நன்றி சொன்னேன்.

பட்டம் பெற்றேன், வேலையும் கிடைத்தது. எங்கே எந்தப் படிவம் நிரப்பினாலும் அப்பாவின் தொழிலை மறைப்பதில்லை. போன வருடம் அப்பாவும் அம்மாவும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரைவிட்டு வந்த பிறகு தொலைபேசியில் முதன்முதலாக அப்பாவின் குரலைக் கேட்ட அன்றே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்பா, உங்களை வியாபாரி எண்டு எழுதினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மறுமுனையில் விக்குவதுபோல ஒரு சத்தம். மனம் நொந்துவிட்டார் என்று நினைத்தேன். பார்த்தால் மனுசன் சிரிக்கிறார்.

"பிடிச்ச மீனை வித்தனான்தானே, மோனை? பாதிப் பொய்தான். மிச்சப் பாதியை அந்தோனியார் பாத்துக்கொண்டார்."

அன்பானவர்களே, கடவுளிடம் கேட்கும்போது உங்களிடம் இருப்பதை ஒளிக்காமல் கேளுங்கள். நான் கேட்ட கடிதத்தை அவர் தரவில்லை. எனக்கு வேண்டிய கடிதத்தைத் தந்தார். அவருக்கே நன்றி. நம்பிப் பாருங்கள், உங்களையும் அவர் கைவிடமாட்டார்.