தகரத் தொட்டியில் விழுந்த மண்

வரைபடத்தில் பச்சை அடித்த இடமெல்லாம் பத்திரமான இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வெங்காயக்காட்டுக்கும் ஒருநாள் அப்படித்தான் பச்சை அடித்தார்கள்.

பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரச் சரிவில் இருந்தது அந்தக் காடு. மழை வலுத்தால் மேல்மண் கரைந்து கீழே ஓடையில் போய்ச் சேரும். ஓடையும் சும்மா இருக்காது. வருஷாவருஷம் கரையைக் கடித்துக்கொண்டே மேலே ஏறும். குறுக்கே கல்வரப்பு போட்டால் மண் நிற்கும். அதைப் போட எங்களுக்கு வக்கில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஜீப்பில் வந்த ஆபீஸ்காரர்கள் எங்கள் காட்டில் ஒரு துண்டு இடத்தைச் சுற்றித் தகரம் அடித்து, தாழ்ந்த மூலையில் ஒரு தகரத் தொட்டியைப் புதைத்தார்கள். மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்று அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தச் சரிவுக்குக் கல்வரப்பு போடலாம் என்று முடிவு செய்வார்களாம். இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்கு அப்பாவை மட்டும் வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்பா பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, மழைத்தண்ணியை அளக்கிறார்களாம் என்று அம்மாவிடம் முடித்துக்கொண்டார். அந்தக் காட்டில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து கிடந்தவள் அம்மா. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம். மழை விட்டதும் கடைசி வரப்பில் தேங்கிய வண்டலைக் கூடையில் அள்ளிச் சுமந்து, மேட்டுப் பாத்தியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஐப்பசி மழையில் தொட்டி சேறாக நிரம்பியது. அம்மாவுக்குக் கொள்ளைச் சந்தோஷம். மண் ஓடைக்குப் போகாமல் பிடித்துவைத்த புண்ணியவான்கள் என்று ஆபீஸ்காரர்களை வாழ்த்தினாள். தெளிந்த தண்ணீரைக் குடங்களில் மொண்டு வைத்தாள். அடியில் படிந்த மண்ணையெல்லாம் மூங்கில் கூடையில் வழித்து அள்ளி மேட்டில் கொட்டினாள். பிறகு, அவர்கள் அளப்பதற்காகத் தண்ணீரைச் சிந்தாமல் திருப்பி ஊற்றினாள். அவ்வளவு நாணயம். ஒவ்வொரு மழைக்கும் இதுதான் நடந்தது.

ஜீப் வந்தபோதெல்லாம் தொட்டியில் வெறும் தண்ணீர்தான். மண் எங்கே என்று அந்தப் படித்த தலைகளில் ஒன்றுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தை மாதம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் சரிவுகளுக்கு வண்ணம் அடித்த வரைபடம் மாட்டி ஊரைக் கூட்டினார்கள். பக்கத்து ஊர்ச் சரிவு சிவப்பு, கல்வரப்பு அவர்களுக்கு. எங்கள் சரிவு முழுக்கப் பச்சை. எங்களுடையதுதான் அழகான கலர் என்று நான் பக்கத்தில் நின்றவளிடம் பீற்றிக்கொண்டேன்.

“உங்க காட்டுல மண்ணே கரையலைங்க. வரப்பு தேவைப்படாது” என்றார் பெரிய ஆபீஸர் சிரித்த முகத்தோடு.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “கரைஞ்ச மண்ணத்தான் சார் தொட்டியிலேர்ந்து அள்ளி அள்ளி மேட்டுல போட்டேன். அது எதுக்கு வச்சதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

அளவெல்லாம் மேலே போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்போதும் அம்மாவைப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பாதிக் காட்டை ஓடை கொண்டுபோனது. அப்பா லப்பைக்குடிக்காடு டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனார்.

கூட்டம் முடிந்து வந்த அன்று, அம்மா அந்த மூங்கில் கூடையை வாசலில் போட்டு மிதித்தே நொறுக்கினாள். ஆபீஸர் மேல் உள்ள கோபத்தைக் கூடையிடம் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தன் கைகள் மேலேயே கோபம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.